கண்ணா, தொப்பியா, சிப்பா? பேச்சிழந்தவருக்கு ஏற்ற வழி எது

2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதன்முறையாக ஒரு மனிதரின் மூளையில் சிப் பொருத்தியது. தோளுக்குக் கீழே செயலிழந்த அந்த இளைஞர், இரண்டே மாதங்களில், கை வைக்காமல் கணினியில் சதுரங்கம் ஆடுவதை உலகமே பார்த்தது. அன்றிலிருந்து, ஏ.எல்.எஸ். நோயால் பேச்சை இழந்தவர் இருக்கும் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "இவருக்கும் அதை வைக்க முடியுமா?"

கேட்பதில் தவறில்லை. ஆனால் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதல் கேள்வி, அவருடைய கண்கள் இன்னும் அசைகின்றனவா என்பது. இரண்டாவது, தினமும் காலையில் அவருக்குக் கருவியைப் பொருத்திவிடப் போவது யார் என்பது. இந்த இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால், மூளை அலையைப் பதிவு செய்யும் தொப்பியா, தலைக்குள் வைக்கும் கருவியா, அல்லது இரண்டுமே இப்போது வேண்டாமா என்பதில் பாதி முடிவாகிவிடும்.

ஏ.எல்.எஸ். நோயில் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும். பெரும்பாலானோருக்குக் கண்ணை அசைக்கும் தசைகள்தான் நெடுநாள் தாக்குப்பிடிக்கின்றன. மூளைத்தண்டில் பக்கவாதம் வந்து உடல் முழுக்க முடங்கியவர்களுக்கும் கண்ணின் மேல்-கீழ் அசைவும் இமை சிமிட்டலும் மிஞ்சுவதுண்டு. அறிவும் நினைவும் கோபமும் ஆசையும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சிலருக்குச் சிந்தனையிலும் மாற்றம் வரலாம். அதை மருத்துவர் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

வழிகளை ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் நிமிடத்துக்கு எத்தனை எழுத்து, எத்தனை சொல் என்று கணக்குக் காட்டுகின்றன. அவை ஏறக்குறைய எல்லாமே வேற்றுமொழிக் கணக்கு. நான் 'தண்ணீர்' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். 247 எழுத்துகளையும் ஒரு பலகையில் அடைக்க முடியாது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று என்று 31 போதும். அப்படி எழுதினால் தண்ணீருக்கு த், அ, ண், ண், ஈ, ர் என ஆறு தேர்வுகள் ஆகும். ஒவ்வொரு வழியிலும் இதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

கண் உள்ளவரை

மின்சாரமே தேவைப்படாத எழுத்துப் பலகையிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தடித்த அட்டையில் உயிரெழுத்து இரண்டு வரிசை, மெய்யெழுத்து மூன்று வரிசை, ஓரத்தில் ஃ. உதவியாளர் எதிரில் உட்கார்ந்து வரிசை எண்ணைச் சொல்லிக்கொண்டே வருவார். சரியான வரிசை வந்ததும் நோயாளியின் இமை மூடும். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக. கேட்கும்போது அலுப்பாக இருக்கும். ஆனால் 'தண்' வந்ததுமே எதிரில் இருப்பவர் "தண்ணீரா?" என்று கேட்டுவிடுவார், ஓர் இமைப்பில் வேலை முடிந்துவிடும். எந்த மென்பொருளின் சொல் ஊகமும் முப்பது வருடம் கூட வாழ்ந்தவரின் ஊகத்துக்கு ஈடாகாது. குறை என்னவென்றால், எதிரில் எப்போதும் ஆள் வேண்டும். தனியாக ஒரு கடிதம் எழுத முடியாது, யாரைப் பற்றியும் அவருக்குத் தெரியாமல் குறை சொல்லவும் முடியாது. இந்த இரண்டாவது சுதந்திரத்தை ஆரோக்கியமாக இருப்பவர்கள் குறைத்து மதிப்பிடுகிறோம்.

அடுத்தது கண் கேமரா. திரைக்குக் கீழே பொருத்தும் ஒரு பட்டையிலிருந்து அகச்சிவப்பு ஒளி கண்ணில் விழும். கருவிழியில் தெறிக்கும் புள்ளிக்கும் கண்பாவையின் நடுவுக்கும் உள்ள இடைவெளியை வைத்துப் பார்வை திரையில் எங்கே நிற்கிறது என்று கணக்கிடும். ஒரு விசையின் மேல் பார்வையைச் சிறிது நேரம் நிறுத்தினால் அது அழுத்தப்பட்டதாகக் கொள்ளும். மருத்துவப் பயன்பாட்டுக்கென்றே வரும் முழுக் கருவிகளின் விலை லட்சங்களில் ஓடும். கணினி விளையாட்டுக்கென்று விற்கும் கண் கேமரா ஒரு நடுத்தர ஸ்மார்ட்போன் விலைக்கே கிடைக்கும். அதோடு ஆப்டிகீ போன்ற இலவச மென்பொருளைச் சேர்த்தால் பலருக்கு வேலை நடக்கும். பழகிவிட்டால் 'தண்ணீர்' சில விநாடி.

இதன் பலவீனங்களும் தெளிவானவை. வெயிலில் தடுமாறும். இமை தொங்கிவிட்டாலோ கண் உலர்ந்துவிட்டாலோ பிசகும். படுக்கையில் தலை கொஞ்சம் சரிந்தால் மறுபடி அளவு எடுக்க வேண்டும். மாலையானால் கண் சோர்ந்துவிடும். ஆனால் இவை நாற்காலியை நகர்த்தியும் திரையைச் சாய்த்தும் சொட்டு மருந்து விட்டும் ஓரளவு சமாளிக்கக்கூடியவை. மூளை அலைக்கு வந்துவிட்டால் இப்படிச் சமாளிக்கும் வழிகள் அரிது.

தலையில் தொப்பி

மனித மூளையின் மின் அலையை மண்டைக்கு வெளியிலிருந்து முதலில் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர், ஜெர்மனியின் யேனா நகரில், 1924-இல். ஐந்து வருடம் தயங்கி 1929-இல்தான் வெளியிட்டார். அன்று அவர் சந்தித்த சிக்கல் இன்றும் தீரவில்லை. நெஞ்சில் வைக்கும் ஈ.சி.ஜி. ஒரு மில்லிவோல்ட் அளவில் பேசுகிறது என்றால், தலையில் வைக்கும் ஈ.ஈ.ஜி. அதில் பத்தில் ஒரு பங்கு, சில நேரம் நூறில் ஒரு பங்கு. கல்யாண மண்டபத்துக்கு வெளியே சுவரோரம் நிற்பவருக்கு மேளம் கொட்டுவது கேட்கும், எல்லோரும் சேர்ந்து சிரிப்பது கேட்கும். மூன்றாவது வரிசையில் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பது கேட்காது. மண்டையோட்டுக்கு வெளியே மின் அலையைப் பிடிக்கும் மின்முனையின் நிலை அதுதான். "நினைப்பதைப் படிக்கும் தொப்பி" என்று எவராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் தொப்பியை வைத்து எப்படி எழுதுகிறார்கள்? படிக்க முடியாததை விட்டுவிட்டு, படிக்க முடிந்த ஓரிரண்டு அலைகளை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அதில் மூத்தது பி300. எதிர்பார்த்துக் காத்திருந்த ஒன்று கண்ணில் பட்டால், ஏறத்தாழ 300 மில்லிவிநாடி கழித்து மூளை அலையில் ஒரு சிறு மேடு எழுகிறது. 1988-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஃபார்வெல், டோன்ச்சின் இருவரும் இதைத் தட்டச்சு இயந்திரமாக மாற்றினார்கள். திரையில் ஆறுக்கு ஆறு கட்டம். கிடைவரிசைகளும் செங்குத்து வரிசைகளும் மாறி மாறி மின்னும். நீங்கள் வேண்டிய எழுத்தைப் பார்த்தபடி அது எத்தனை முறை மின்னுகிறது என்று மனதுக்குள் எண்ண வேண்டும். ஒரு சுற்றில் பன்னிரண்டு மின்னல். அவற்றில் இரண்டு மட்டும் உங்கள் எழுத்துக்கு உரியவை. அந்த இரண்டுக்குப் பின்னால் மேடு எழும். ஒரே சுற்றில் அது இரைச்சலில் கரைந்துவிடும் என்பதால், சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சராசரி எடுக்கிறார்கள்.

36 கட்டம் என்பது தமிழுக்குச் செய்துவைத்தது போல அமைந்திருக்கிறது. 31 எழுத்துகளை வைத்தபின் ஐந்து கட்டம் மிஞ்சும்: இடைவெளி, அழி, ஆம், இல்லை, அழைப்பு மணி. ஆனால் 1988-இல் அவர்கள் எட்டிய வேகம் நிமிடத்துக்கு 2.3 எழுத்து. அந்தக் கணக்கில் தண்ணீர் கேட்க இரண்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அதன்பின் வேகம் கூடியிருக்கிறது. ஊகமும் சேர்ந்தால் இன்னும் குறையும். ஆனாலும் கண் கேமராவை எட்டியதாகச் சொல்ல முடியாது.

வேகத்தைவிட என்னை யோசிக்க வைப்பது தொப்பியை மாட்டும் வேலை. தலைக்குக் குளித்திருக்க வேண்டும், எண்ணெய் தடவியிருக்கக் கூடாது, மருத்துவமனையில் ஈ.ஈ.ஜி. எடுக்கப் போகிறவர்களுக்குச் சொல்வதுதான் இங்கே தினசரி விதி. தொப்பியை நெற்றியிலிருந்து பின்னுக்கு இழுத்து, நடு மின்முனை உச்சியில் சரியாக உட்கார்ந்ததா என்று நாடாவால் அளந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு மின்முனைத் துளையிலும் மழுங்கிய ஊசியை விட்டு முடியை விலக்கி, கூழ் செலுத்தி, தோலோடு தொடர்பு கிடைத்ததா என்று திரையில் சரிபார்க்க வேண்டும். முடிந்ததும் கூழைக் கழுவ வேண்டும். கழுத்தைத் தாங்க முடியாத ஒருவருக்கு, குழாய் வழியாக மூச்சு போய்க்கொண்டிருக்கும் நிலையில், இதையெல்லாம் செய்வது ஒருவர் வேலையல்ல. கூழில்லாத உலர் மின்முனைகள் இருக்கின்றன. சௌகரியம் கூடும் அளவுக்குச் சமிக்ஞையின் தரம் குறைகிறது.

இத்தனையும் வீட்டில் நடக்குமா என்று நேர்மையாகச் சோதித்துப் பார்த்தவர் ஜொனாதன் வோல்பா. நியூயார்க் மாநிலம் ஆல்பனியில், வாட்ஸ்வொர்த் மையத்தில், 1980-களிலிருந்தே மூளை அலையோடு மல்லுக்கட்டியவர். மூளையின் இயக்கப் பகுதியில் எழுந்து, தலையில் மேலோட்டமாகக் கிடைக்கும் மியூ அலையைப் பழக்கி 1991-இல் திரையில் சுட்டியை நகர்த்திக் காட்டியதும், 2004-இல் அதையே இரண்டு திசைகளில் செய்துகாட்டியதும் அவருடைய குழு. ஆனால் எனக்கு அவருடைய வேலைகளில் முக்கியமாகப் படுவது 2018-இல் வெளியான வீட்டு ஆய்வு. அதில் பளபளப்பான சாதனை எதுவும் இல்லை. 42 ஏ.எல்.எஸ். நோயாளிகள் சேர்ந்தார்கள். சோதிக்கப்பட்ட 37 பேரில் ஒன்பது பேரால் கருவியைப் பயன்படுத்தவே முடியவில்லை. 27 பேர் வீட்டில் கருவி வைக்கப்பட்டு, அவர்களுக்கும் கவனித்துக்கொள்பவர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. அடுத்த மாதங்களில் 12 பேரை மரணமோ நோயின் வேகமோ கொண்டுபோனது. ஆறு பேர் ஆர்வம் குறைந்து விலகினார்கள். இவர்களில் சிலர் உட்பட 14 பேர் பயிற்சியை முடித்துத் தாங்களாகவே பயன்படுத்தும் நிலைக்கு வந்திருந்தார்கள். ஆய்வைக் கடைசிவரை முடித்தவர்களில் ஒருவரைத் தவிர அனைவரும் கருவியைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

42-இல் 14. இதைத் தோல்வி என்று படிப்பவர்களும் உண்டு, வெற்றி என்று படிப்பவர்களும் உண்டு. என் கணிப்பு இது: தொப்பி வேலை செய்கிறது, ஆனால் மாட்டிவிட ஆள் இருக்கும் வீட்டில், நோய் முற்றுவதற்கு முன்பே தொடங்கியவருக்குத்தான். கடைசி நிலையில் பெட்டியைப் பிரித்தால் அது அலமாரிக்குத்தான் போகும்.

ஸ்டீபன் ஹாக்கிங்கை இங்கே பலர் உதாரணம் காட்டுவார்கள். அவர் மூளை அலையால் பேசவில்லை. மூக்குக் கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரி அவருடைய கன்னத் தசையின் அசைவைப் பிடித்தது, அவ்வளவுதான். இன்டெல் பொறியாளர்கள் அவருக்குக் கண் கேமராவைப் பொருத்திப் பார்த்தார்கள். தொங்கிய இமை குறுக்கே நின்றது. அதற்கு முன்பே ஈ.ஈ.ஜி. தொப்பியும் முயன்று பார்க்கப்பட்டது, அவருடைய உதவியாளருக்கு வேலை செய்தது, ஹாக்கிங்குக்குப் போதிய சமிக்ஞை கிடைக்கவில்லை. உலகிலேயே தலைசிறந்த பொறியாளர்கள் பக்கத்தில் இருந்த ஒருவர் கடைசிவரை ஒரு கன்னத் தசையோடு இருந்துவிட்டார்.

தொப்பியிலேயே வேகமான வகை வேறு. திரையில் ஒவ்வொரு எழுத்தும் வெவ்வேறு வேகத்தில் சிமிட்டும். எந்த எழுத்தைப் பார்க்கிறீர்களோ, அதன் சிமிட்டல் வேகம் மூளையின் பின்பகுதி அலையில் அப்படியே வெளிப்படும். பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகக் குழு 2015-இல் 40 எழுத்துகளை 8 முதல் 15.8 ஹெர்ட்ஸ் வரை, 0.2 ஹெர்ட்ஸ் இடைவெளியில் சிமிட்ட வைத்து, நிமிடத்துக்கு 60 எழுத்து வரை எட்டியது. தண்ணீர் ஆறே விநாடி! எண்ணைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். அமர்ந்திருந்தவர்கள் ஆரோக்கியமானவர்கள். அதோடு, எழுத்தைக் குறிவைத்துப் பார்க்கக் கண் அசைய வேண்டும். கண் அப்படி அசைகிறதென்றால் கேமராவே போதுமே. எதற்குக் கூழும் தொப்பியும்? பி300 கட்டத்திலும் பார்வையை நேராக நிறுத்த முடியாதவருக்குத் துல்லியம் வெகுவாகக் குறைகிறது. வலிப்பு வரலாறு உள்ளவர்களுக்குச் சிமிட்டும் திரை ஆபத்து என்பது தனி.

கண்ணே வேண்டாத வகை, அசைவைக் கற்பனை செய்வது. வலது கையை மூடுவதாக மனதில் நினைத்தால் மூளையின் இடப்பக்க இயக்கப் பகுதியில் மியூ அலை தணியும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் கெர்ட் ஃபுர்ட்ஷெல்லர் இதை வைத்துப் பல வருடம் உழைத்தார். இந்த அலையை உலகச் செய்தியாக்கியவர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ராஜேஷ் ராவ். 2013 ஆகஸ்டில் அவர் தொப்பி அணிந்து ஒரு கணினி விளையாட்டைப் பார்த்தபடி, பீரங்கியைச் சுட வலது கையை அசைப்பதாக நினைத்தார். சமிக்ஞை இணையம் வழியாக வளாகத்தின் இன்னொரு கட்டடத்துக்குப் போனது. அங்கே ஆண்ட்ரியா ஸ்டோக்கோவின் தலைக்கு மேல் இருந்த, மூளையைத் தூண்டும் காந்தச் சுருள் துடித்தது. அவருடைய விரல் விசையைத் தட்டியது. (சிந்துவெளி எழுத்தில் மொழிக்குரிய ஒழுங்கு இருக்கிறதா என்று கணித வழியில் ஆராய்ந்து 2009-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரையின் முதன்மை ஆசிரியரும் இதே ராவ்தான், ஐராவதம் மகாதேவன் அதில் இணை ஆசிரியர். புரியாத குறிகளைப் படிக்க முயல்வதில் இரண்டும் ஒரே தொழில்தான் போலும்.)

பார்க்க அற்புதமாக இருந்த அந்தச் சோதனையில் போனது 'சுடு' என்ற ஒரே கட்டளை. இங்கேதான், ஒரு தேர்வில் எவ்வளவு தகவல் போகிறது என்று அளக்க வோல்பா குழு பரப்பிய பிட் கணக்கு கண்ணைத் திறக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கருவி 70 சதவீதம் சரியாக இயங்குகிறது என்றால், ஒரு தேர்வில் கிடைக்கும் தகவல் 0.12 பிட். 36-இல் ஒன்றை 90 சதவீதம் சரியாகத் தேர்ந்தெடுத்தால் 4.19 பிட். ஏறத்தாழ முப்பத்தைந்து மடங்கு. "70 சதவீதத் துல்லியம்" என்று விளம்பரத்தில் பார்த்தால், எத்தனையில் ஒன்று என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று என்றால், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே ஐம்பது சதவீதம் சரியாக வந்துவிடும்.

நெற்றியில் ஒரே ஒரு மின்முனை வைத்த மலிவுத் தலைப்பட்டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூளை அலையால் ஓடும் சக்கர நாற்காலி என்று பொறியியல் கல்லூரிக் கண்காட்சிகளில் காட்டப்படும் பலவற்றில் நாற்காலியை ஓட்டுவது இமை சிமிட்டலும் நெற்றிச் சுருக்கமும்தான். சிமிட்டும்போது எழும் மின்னழுத்தம் பி300 மேட்டைப்போல் பல மடங்கு. மாணவர்கள் கற்றுக்கொள்ள அது நல்ல பொருள். நோயாளிக்காக வாங்குகிறீர்கள் என்றால், கடைக்காரரை இமைக்காமலும் பல்லைக் கடிக்காமலும் ஒருமுறை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். இமைத்தால்தான் இயங்கும் என்றால், இமைப்பைப் பிடிக்கும் சாதாரண சுவிட்ச் அதைவிட மலிவு, அதைவிட நம்பகம்.

தலைக்குள்

உள்ளே போகும் வழிகள் ஒரே வகையல்ல. எவ்வளவு ஆழம் போகிறோமோ அவ்வளவு வேகம், அவ்வளவு ஆபத்து.

மண்டையைத் திறக்காத வழி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆக்ஸ்லி குழு உருவாக்கிய ஸ்டென்ட்ரோட், கழுத்து ரத்தக்குழாய் வழியாக ஏற்றி, இயக்கப் பகுதிக்கு அருகிலுள்ள பெரிய சிரையில் விரிக்கும் வலை. அதில் 16 மின்முனைகள். 2019-இல் மெல்போர்னில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. அங்கே நான்கு பேரை ஒரு வருடம் கண்காணித்ததில் கருவியால் மரணமோ நிரந்தர ஊனமோ நேரவில்லை. முதல் பயனாளிகள் எழுதிய முறைதான் கவனிக்க வேண்டியது: திரையில் சுட்டியை நகர்த்தியது கண் கேமரா, சொடுக்கியது மட்டும் மூளை. நிமிடத்துக்கு 14 முதல் 20 எழுத்து வரை வந்தது. மூளை வழி, கண் வழி என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுகிறோம். பயன்படுத்துகிறவர்கள் இரண்டையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் ஏ.எல்.எஸ். நோயாளியான ஒரு பெண்மணிக்கு மூளையின் மேற்பரப்பில் மின்முனைப் பட்டைகளையும் நெஞ்சுத் தோலுக்கடியில் அனுப்பியையும் வைத்தார்கள்; 2016-இல் அது வெளியானது. வெளியே ஒரு கம்பியும் இல்லை. வேகம் நிமிடத்துக்கு இரண்டு எழுத்து, தண்ணீருக்கு மூன்று நிமிடம். அவரிடம் கண் கேமராவும் இருந்தது, அது இதைவிட வேகம். ஆனாலும் வெளியே போகும்போது அவர் இதைத்தான் நாடினார். வெயிலில் கேமரா குழம்பியது, மூளையில் வைத்தது குழம்பவில்லை. ஏழு வருடம் பயன்படுத்தினார். பிறகு நோய் முற்ற முற்றச் சமிக்ஞை மங்கி, நம்ப முடியாததாகிவிட்டது. இந்த ஒரு நோயாளியின் கதை, வேகக் கணக்கு மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களுக்குப் போதுமான பதில்.

இன்னும் ஆழம், மூளைத் திசுவுக்குள்ளேயே நுண்ணூசிகளை இறக்குவது. நான்கு மில்லிமீட்டர் சதுரத்தில் 96 மின்முனை கொண்ட யூட்டா அடுக்கு இதன் அடிப்படைக் கருவி. ஸ்டான்ஃபோர்டில் கிருஷ்ணா ஷெனாயும் அறுவை மருத்துவர் ஜெய்மி ஹெண்டர்சனும் நடத்திய ஆய்வில், கை செயலிழந்த ஒருவர் காகிதத்தில் எழுதுவதாக நினைத்தார். கணினி நிமிடத்துக்கு 90 எழுத்து பதிந்தது. 2021-இல் வெளியான அந்த வேகத்தில் தண்ணீர் நான்கு விநாடி. (ஷெனாய் 2023 ஜனவரியில் காலமானார், இந்தத் துறைக்கு அது பேரிழப்பு.) 2024-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு, ஏ.எல்.எஸ். நோயாளி ஒருவர் பேச முயலும்போது எழும் சமிக்ஞையை 256 மின்முனைகளால் படித்து, 1,25,000 சொற்கள் கொண்ட தொகுதியிலிருந்து 97.5 சதவீதம் சரியாக எழுதியது. எழுதியதை, நோய் வருவதற்கு முன் பதிவாகியிருந்த அவருடைய சொந்தக் குரலிலேயே ஒலிக்கவும் வைத்தது.

நோயாளியின் குடும்பத்தினர் இந்தச் செய்தியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சிப்பை அல்ல, குரலை. பேச்சு தெளிவாக இருக்கும்போதே கைபேசியில் பதிவு செய்யுங்கள்: பேரன் பெயர், திட்டும் வார்த்தை, வழக்கமான சிரிப்பு, செய்தித்தாளிலிருந்து சில பத்தி. நாளைக்கு எந்தக் கருவி வந்தாலும் அது பயன்படும். இதற்குச் செலவே இல்லை.

இனி, எதிர்ப்பக்கம். ஸ்டான்ஃபோர்டிலும் டேவிஸிலும் எட்டிய வேகங்கள் ஆங்கிலத்தில் வந்தவை. ஒலியன்களை ஊகித்து, சொற்களாக அடுக்கி, பெரிய மொழி மாதிரியால் திருத்தும் அந்த முறையை, ஒரே வினையடியில் நூறு வடிவங்கள் கிளைக்கும் தமிழுக்கு மாற்றுவது தனி வேலை. டேவிஸ், ஸ்டான்ஃபோர்டு ஆய்வுகளில் மண்டையோட்டில் ஒரு இணைப்பான் துருத்திக்கொண்டிருக்கும். அமரும்போதெல்லாம் கம்பியை மாட்ட இன்னொருவர் வேண்டும். தோலைத் துளைத்து நிற்கும் எதுவும் தொற்றுக்கு வழி. கம்பியில்லாத நியூராலிங்கில் 64 இழைகளில் 1,024 மின்முனைகள். முதல் நோயாளிக்கு அறுவைக்குப் பின் சில வாரங்களில் பல இழைகள் திசுவிலிருந்து பின்வாங்கியதை நிறுவனமே ஒப்புக்கொண்டு, மென்பொருளை மாற்றி ஈடுகட்டியது. இவை யாவும் ஆய்வுத் திட்டத்துக்குள் இருப்பவை. பணம் கொடுத்து வாங்கிப் பொருத்திக்கொள்ளும் பொருள்களல்ல.

எல்லாம் நின்றபின்

கண்ணும் நின்றுவிட்டால்? இந்தத் துறையின் மிகக் கடினமான மூலை இதுதான். ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் நீல்ஸ் பிர்பாவ்மர் 1999-இலேயே இரண்டு ஏ.எல்.எஸ். நோயாளிகளை மெதுவான மூளை அலையால் எழுத வைத்தார். பல மாதப் பயிற்சி, ஆமை வேகம், ஆனாலும் எழுதினார்கள். முழுதும் முடங்கியவர்களும் மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்தால் ஆம், இல்லை சொல்ல முடியும் என்று 2017-இல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையை, 2019-இல் இதழ் திரும்பப் பெற்றது. அந்த இரண்டு வருடத்தில் எத்தனை குடும்பங்கள் அதை நம்பிக் காத்திருந்திருக்கும் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. 2022-இல் வெளியான அடுத்த ஆய்வில், கண்ணசைவும் இழந்த ஒருவரின் மூளைக்குள் மின்முனை வைத்து, ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டபடி எழுத்தைத் தேர்ந்தெடுக்கப் பழக்கினார்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஓர் எழுத்து. தனக்கு என்ன சூப் வேண்டும் என்று அவர் கேட்டார். பிடித்த பாட்டைச் சத்தமாக வைக்கச் சொன்னார். அவருக்குக் கண்ணசைவு சிறிது இருக்கும்போதே அறுவைக்கான சம்மதம் பெறப்பட்டிருந்தது.

இந்தக் கடைசி விவரத்தை வைத்துத்தான் என் பரிந்துரையும். இன்றைக்குக் கண் நன்றாக அசைகிறதென்றால் எழுத்துப் பலகையும் கண் கேமராவும். காசையும் நேரத்தையும் அங்கே போடுங்கள். ஒரு கன்னமோ விரலோ புருவமோ மிஞ்சியிருந்தால் ஒரு சுவிட்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண் சீக்கிரம் சோர்கிறது, இமை தொங்கத் தொடங்குகிறது என்றால், அப்போதே, நாளை என்று தள்ளாமல், ஈ.ஈ.ஜி. ஆய்வகம் உள்ள மருத்துவமனையிலோ பொறியியல் நிறுவனத்திலோ பி300-ஐச் சோதித்துப் பாருங்கள். ஒரு அமர்விலேயே அது அவருக்கு ஒத்துவருமா என்று ஓரளவு தெரிந்துவிடும். ஒத்துவந்தாலும், வீட்டில் தொப்பி மாட்ட இரண்டு பேர் பழகிக்கொள்ளாதவரை வாங்க வேண்டாம். அசைவுக் கற்பனை முறையை, மற்றது எதுவும் பலிக்காதவருக்கு மட்டும் சொல்வேன். மேலும், கண்ணசைவோடு இருக்கும்போதே, பின்னால் எந்த எல்லைவரை போகலாம், அறுவை வேண்டுமா, செயற்கைச் சுவாசம் வேண்டுமா என்று அவரிடமே கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். பிறகு கேட்க வழி இருக்காது.

உள்ளே வைக்கும் கருவிக்கான ஆய்வில் சேர வாய்ப்பு வந்தால் மறுக்கச் சொல்லமாட்டேன். சம்மதப் படிவத்தில் மூன்று இடங்களை மட்டும் விரலால் தொட்டுப் படியுங்கள்: கருவியை எடுக்க நேர்ந்தால் அறுவைச் செலவு யாருடையது, ஆய்வுக் காலம் முடிந்தபின் கருவி நோயாளியிடம் இருக்குமா, நிறுவனம் மூடினால் பழுது பார்ப்பது யார். ஆஸ்திரேலியாவில் வலிப்பை முன்கூட்டியே அறிவிக்கும் கருவியை மூளையில் வைத்திருந்த ஒரு பெண்மணிக்கு, 2013-இல் நிறுவனத்திடம் பணம் தீர்ந்ததும் கருவியை எடுத்துவிடும்படி சொல்லப்பட்டது. அவரும் கணவரும் அதைத் தாங்களே விலைக்கு வாங்கிக்கொள்ள முயன்றார்கள், நடக்கவில்லை. அமெரிக்காவில் விழித்திரைக் கருவி வைத்துக்கொண்டவர்களும், நிறுவனம் தயாரிப்பைக் கைவிட்டபின், பழுது பார்க்க ஆளில்லாத கருவியோடு விடப்பட்டார்கள். படிவத்தில் இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால், கையெழுத்துக்கு முன் கேட்டு எழுதி வாங்குங்கள்.